உள்ளேன் ஐயா

ஒரு மனிதன் இருக்கிறானா, இல்லையா? மனிதகுலம் தோன்றிய நாள் முதல் ஞானிகளும் தத்துவவாதிகளும் வகுப்பாசிரியர்களும் மண்டையை உடைத்துக்கொண்ட இந்தக் கேள்விக்கு, இனி யாராலும் மறுக்க முடியாத இறுதி விடையை, வேலூரைத் தாண்டிய ஒரு பொட்டல் காட்டில், உள்ளங்கை அகலமே உள்ள ஒரு வெள்ளைப் பெட்டி கண்டுபிடித்துவிட்டது.

இதை, அந்தப் பெட்டியைச் செய்த இளம்பரிதி மேடையில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. இருபத்தாறு வயதில் இவ்வளவு பெரிய விஷயத்தை முகம் மாறாமல் சொல்வதற்கு ஒரு தெம்பு வேண்டும். அது அவனிடம் தாராளமாக இருந்தது.

"மனுசன் பொய் சாட்சி சொல்வான். பக்கத்து வீட்டுக்காரன் சொல்வான், வாட்ச்மேன் சொல்வான். இந்தப் பெட்டிக்குப் பொய் சொல்ல வாய் கிடையாது. சிபாரிசு கேக்கக் காது கிடையாது. இது ஒருத்தரைப் பாத்துச்சுன்னா அவர் இருக்கார். பாக்கலைன்னா அவர் இல்லை. நான் நினைச்சாக்கூட அதை மாத்த முடியாது. அவ்வளவு ஏன், நானே இந்தக் கட்டடத்துல, இதே பெட்டிக்குக் கீழதான் குடியிருக்கப்போறேன்!"

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அது மார்கழி மாதம். மேடையில் இருந்தவர்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள், சுவர்கள் ஜில்லென்றிருந்தன, வராந்தாவில் நடந்த ஒவ்வொருவரையும் பெட்டி சரியாகக் கண்டுபிடித்து, தன் நெற்றியில் பச்சை விளக்கை எரியவிட்டது. குறுக்கே போன பூனையை மட்டும் மதிக்கவில்லை. பெட்டிக்கு மனிதனையும் பூனையையும் பிரித்தறியத் தெரிந்திருக்கிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது.

கட்டடத்தின் பெயர் அலைநகர். கடல் உள்ளே வந்து பட்டணத்தின் கரையோரத் தெருக்களை விழுங்கியபிறகு, அங்கிருந்தவர்களை லாரிகளில் ஏற்றி இங்கே கொண்டுவந்து குடிவைத்தார்கள். சுற்றிலும் பாறை மலைகள். அலை வர வாய்ப்பே இல்லாத இடம் என்பதால்தான் அப்படிப் பெயர் வைத்திருப்பார்கள் போலும். வீடுகள் குறைவு, ஆட்கள் அதிகம். வீடு கிடைத்தவர்களில் சிலர் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். வீடு கிடைக்காதவர்கள் பக்கத்துக் கல்குவாரியில் தகரக் கொட்டகைகளில் காத்துக்கிடந்தார்கள். பூட்டிய வீட்டைக் கண்டுபிடித்துக் காத்திருப்பவருக்குக் கொடுப்பதற்காகக் குடியிருப்பு வாரியம் கொண்டுவந்ததுதான் 'உள்ளேன்' திட்டம்.

ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் எதிரே, வராந்தாக் கூரையில் ஒரு பெட்டி. வீட்டுக்குள் எட்டிப்பார்க்காது, மானம் மரியாதை தெரிந்த பெட்டி. பகலில் மட்டும் பார்க்கும். பகலில் இருப்பவன் குடியிருப்பவன், இராத்திரி மட்டும் வருபவன் விருந்தாளி என்பது வாரியத்தின் கருத்து. பதினைந்து நாள் தொடர்ந்து பெட்டியின் கண்ணில் படாவிட்டால் அது 'ஆளற்ற வீடு'. கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதற்குப்பிறகும் ஒரு வாரம் பெட்டி பார்க்கவில்லையென்றால் வீடு குவாரியில் காத்திருப்பவருக்கு, வீட்டில் இருந்தவர் குவாரிக்கு. 'மனிதச் சாட்சி செல்லாது' என்ற விதியை எழுதிக்கொடுத்தவன் இளம்பரிதிதான். எழுதியதில் அவனுக்கு மிகவும் பிடித்த வரியும் அதுதான்.

திட்டத்தின் பெயரைக் கேட்டதும் அலைநகர்க்காரர்கள் பெட்டிக்கு 'வாத்தியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதோடு நின்றிருக்கலாம். வாசலைத் தாண்டும்போதெல்லாம் பெட்டியைப் பார்த்து வலது கையைத் தூக்கி, "உள்ளேன் ஐயா" என்று சொல்லவும் ஆரம்பித்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, ஒன்றாம் வகுப்புக் குரலில்.

"அதுக்குக் காது கிடையாதுன்னு மேடையில சொன்னேன். இவங்களுக்குத்தான் காது கிடையாது" என்று இளம்பரிதி அலுவலகக் கேன்டீனில் எழுந்து நின்று, கையைத் தூக்கி, கண்ணைச் செருகி அதை நடித்துக்காட்டுவான். எல்லோரும் டீயைச் சிந்திக்கொண்டு சிரிப்பார்கள். நஸ்ரின் மட்டும் பாதி சிரிப்பாள். அவள் கள ஆய்வாளர். நோட்டீஸ் ஒட்டுவது அவள் வேலை. கல்லூரியில் அவனுக்கு அடுத்த பெஞ்ச். நாலு பேர் முன்னால் அவனை 'சார்' என்பாள், மற்ற நேரத்தில் 'டேய்'.

சித்திரை பிறந்தது. பிறகு கத்திரி வந்தது.

வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மலை காலையில் வாங்கிய சூட்டை மத்தியானம் திருப்பிக் கொடுக்கும். மேற்குப் பார்த்த வராந்தாவில் சுவரைத் தொட்டால், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கும். அப்படி ஒரு மத்தியானத்தில், ஏ.சி.யில் உட்கார்ந்திருந்த இளம்பரிதியின் போன் அடித்தது.

"சார், நஸ்ரின். நாலாம் மாடியில நிக்கிறேன். ஆளில்லாத வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்ட வந்தேன்."

"ஒட்டுங்க."

"ஒட்டிட்டேன். ஆளில்லாத வீட்டு ஆள் உங்ககூட பேசணுங்கிறாங்க."

போன் கை மாறியது.

"வணக்கம் சார். பவளா பேசறேன், நானூத்திப் பதினேழு. எங்கூட்டுக் கதவுல ஆளில்லன்னு ஒட்டிக்கினு போறாங்க. அந்தக் கதவாண்டதான் சார் நான் குந்திக்கினு கீறேன். பூண்டுத் தட்ட நவுத்தி இவுங்களுக்கு வழி வுட்டதே நான்தான்."

"சரிம்மா."

"அப்போ நான் கீறேன்தானே?"

இளம்பரிதி யோசித்தான். நேர்மையான கேள்வி. நேர்மையாகவே பதில் சொன்னான்.

"நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுதும்மா. ஆனா எனக்குத் தெரிஞ்சு பிரயோஜனமில்ல. வாத்தியாருக்குத் தெரியணும்."

பவளாவுக்கு நாற்பது வயதிருக்கும். தனி ஆள். ஊறுகாய்க் கம்பெனிக்குப் பூண்டு உரித்துக் கொடுப்பது பிழைப்பு. காலையில் வாசலில் முறத்தோடு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். அதுவரை விரல்களைத் தவிர உடம்பில் வேறெதுவும் அசையாது. வீடு போனால் குவாரிதான். அங்கே தகரத்துக்கு அடியில் பூண்டு தானாகவே வெந்துவிடும்.

மறுநாள் இளம்பரிதி நேரில் போனான். பவளாவுக்காக அல்ல. பக்கத்து வீடு நானூற்றுப் பதினாறின் வருகைப் பதிவு அவனை உறுத்தியது. கத்திரி வெயிலில் மாடி முழுக்கத் தடுமாறும்போது அந்த வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாள் தவறாமல், காலை முதல் மாலை வரை வராந்தாவில் நடமாடிக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்ட முன்மாதிரிக் குடிமகனைப் பார்க்க வேண்டாமா?

பார்த்தான். பூட்டிய கதவு. கதவுக்குப் பக்கத்தில் கம்பியில் கட்டிய ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர். 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே. நடுவில் மீசை முறுக்கிச் சிரிக்கும் ஏகாம்பரம். தோற்றம், மறைவு. கீழே துயரத்தில் வாடும் மகன்கள். மகன்கள் பெங்களூரில் வாடிக்கொண்டிருந்தார்கள். பேனரின் கீழ் மூலை அவிழ்ந்து, அனல் காற்றில் படபடவென்று ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேலே பச்சை விளக்கு மின்னியது.

"அவுரு கீறாராம். நான் இல்லியாம்" என்றாள் பவளா, முறத்திலிருந்து தலை தூக்காமல். "அந்தப் பொட்டி இன்னாதான் சார் பாக்குது?"

"சூட்டைப் பாக்குதும்மா. சுவருக்கு ஒரு சூடு, உங்க உடம்புக்கு ஒரு சூடு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்து, அந்த வித்தியாசம் நகர்ந்தா, யாரோ நடக்கிறாங்கன்னு எடுத்துக்கும். இப்ப வெயில்ல சுவரும் உங்க உடம்புச் சூட்டுக்கு வந்துருச்சு."

"அப்போ சொவுரும் நானும் ஒண்ணா?"

"பெட்டிக்கு."

"அந்த செத்த மனுசன்?"

"அந்த ஃப்ளெக்ஸ் வெயில்ல கொதிக்குது, காத்துல ஆடுது. சுவரைவிடச் சூடா ஒண்ணு ஆடினா, பெட்டியைப் பொறுத்தவரைக்கும் அது ஆள்தான்."

"சரி. அவுரு உசுரோட இருந்தப்போ இவ்ளோ சுறுசுறுப்பு இல்ல."

நஸ்ரின் அவனைக் கைப்பிடிச்சுவர் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் கை வைத்தவள் சுட்டதும் எடுத்துக்கொண்டாள்.

"டேய், உணர்திறனைக் கூட்டிவிடேன்."

"கூட்டினா அணில், காக்கா, கொடியில காயற பாவாடை எல்லாத்துக்கும் வீடு ஒதுக்கணும்."

"வெயில்ல இதை டெஸ்ட் பண்ணியா, இல்லையா?"

"பனியில பண்ணினேன். மழையில பண்ணினேன். மழையில கொஞ்சம் கண்ணு மங்குச்சு, அதைக்கூட சரிபண்ணினேன்."

"வெயில்ல?"

"வெயில்ல யாரு வெளிய வருவா?"

நஸ்ரின் வியர்வையில் நனைந்த தன் துப்பட்டாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அந்த பேனரையாவது கழட்டச் சொல்லு" என்றான் அவன்.

"வாட்ச்மேன் மாட்டேங்கிறார். பிறந்தநாள் பேனர்னா அன்னிக்கு சாயங்காலமே கிழிச்சிருவாராம். சாவு பேனர்ல கை வச்சா சண்டை வருமாம். எத்தனை மாசமானாலும் அது தானா கிழியணும்."

இரண்டு நாள் கழித்து நாலாம் மாடியில் ஒரு அதிசயம் நடந்தது. நானூற்றுப் பதிமூன்றில் ஒரு அம்மாள் துணி துவைத்துவிட்டு, பிழிந்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. சேலையை வைத்துவிட்டு வந்தாள், எரியவில்லை. மறுபடியும் தோளில் போட்டாள், எரிந்தது. ஈரம் சுவரைவிடக் குளிர்ச்சி. வித்தியாசம் வந்தால் போதும், அது சூடா குளிர்ச்சியா என்று பெட்டிக்குக் கவலையில்லை. ஆனால் மாடிக்காரர்களுக்கு வேறு விளக்கம் கிடைத்தது. வாத்தியார் சுத்தபத்தம் பார்க்கிறவர், ஈரத்தோடு வந்தால்தான் முகம் கொடுப்பார்.

அன்று மத்தியானமே மாடி முழுக்கத் தலையில் ஈரத்துண்டோடு வரிசையாக நின்றது. சொட்டச் சொட்டக் கையைத் தூக்கி, "உள்ளேன் ஐயா." யாரோ பெட்டிக்குச் சந்தனம் வைத்தார்கள். யாரோ எலுமிச்சம்பழம் கட்டினார்கள். பவளாவும் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு பூண்டு உரித்தாள், அவ்வப்போது தலையை மட்டும் ஆட்டினாள். பச்சை எரிந்தது. அவள் நோட்டீஸ் தானாகச் செத்துப்போனது.

கேன்டீனில் இளம்பரிதிக்கு அது பொற்காலம். மேசை துடைக்கும் துணியைத் தலையில் போட்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, "அம்மா தாயே, நான் இருக்கேன், நம்புங்க தாயே" என்று சாமி ஆடினான். டீ மாஸ்டர் கரண்டியால் பாய்லரைத் தட்டி உடுக்கை அடித்தார்.

"சயின்ஸ்படி அவங்க பண்றது கரெக்ட்தானே?" என்றாள் நஸ்ரின்.

"கரெக்ட்தான். அதுதான் பிரச்சனை." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டாம் மாடியில பூட்டின வீட்டு வாசல்ல எவனோ நனைச்ச கோணியைத் தொங்கவிட்டுட்டுப் போயிருக்கான். கோணிக்கும் பச்சை. ஈரத்துணி ஆள்னா, கோணியும் ஆளு. வாரியத்துக்குத் தெரிஞ்சா திட்டத்தையே மூடிருவாங்க."

"அதுக்கு?"

"சுவரைவிடக் குளிர்ச்சியா எது ஆடினாலும் கணக்குல எடுக்காதேன்னு பெட்டிக்குச் சொல்லப்போறேன். மனுசன்னா சூடு. குளிர்ந்தது எதுவும் மனுசன் கிடையாது. எவ்வளவு சிம்பிள்!"

"அப்ப வெயில்ல அவங்க எப்படித்தான் தெரியறது?"

"ஆடி வந்தா குளிரும்."

அன்று மாலைக்குள் எழுதி முடித்து எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பிவிட்டான். மறுநாள் முதல் ஈரத்துண்டுகள் செல்லாமல் போயின. வாத்தியார் ஏன் கோபித்துக்கொண்டார் என்று மாடிக்காரர்களுக்குப் புரியவில்லை. எலுமிச்சம்பழத்தை மாற்றிப் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து நஸ்ரின் பசை டப்பாவோடு மறுபடி படியேறினாள். பவளா மறுபடி முறத்தை நகர்த்தி வழிவிட்டாள். இந்த முறை போன் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளம்பரிதி தன் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவன் வீடும் அதே மாடிதான், நானூற்று இருபது. அந்த எண்ணைக் கேட்டதுமே வேறு யாரும் வாங்க மறுத்த வீடு. குவாரியிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, பிளாஸ்டிக் சாக்கு மூட்டையோடு படியேறி வந்து நானூற்றுப் பதினேழின் முன் நின்றார்கள்.

"இந்த வீடு..." என்றான் அந்த ஆள். "யாரும் இல்லன்னு சொன்னாங்க. பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"ஆமா, யாரும் இல்ல" என்றாள் பவளா. "உள்ள வந்து குந்துங்க. மோர் தரேன்."

அந்தப் பெண்ணுக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஆனாலும் உள்ளே போனதும், கண் தானாகச் சமையல் அலமாரிக்குப் போனது. கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு சாணால் அகலத்தை அளந்தாள்.

"நல்ல ஆழம். பெரிய சட்டிகூட நிக்கும்" என்றாள் பவளா. "கொயந்தைங்க கீதா?"

"ஒண்ணு. தகரத்தடியில மேலெல்லாம் கொப்புளம். அதனாலதான்..." அந்த ஆள் முடிக்கவில்லை. "நாங்க யார் வீட்டையும் புடுங்க வரலக்கா. ஆள் இல்லன்னாங்க."

"நீ இன்னாப்பா பண்ணுவ? மோரக் குடி."

இளம்பரிதி வாய் கொப்பளிக்க உள்ளே போனவன், அவர்கள் இறங்கிப் போகும்வரை வெளியே வரவில்லை. ரொம்ப நேரம் கொப்பளித்தான்.

அவகாசம் முடிய ஒரு நாள் இருந்தபோது நானூற்றுப் பதினேழின் வாசலில் புது ஃப்ளெக்ஸ் தொங்கியது. 'கண்ணீர் அஞ்சலி.' நடுவில் பவளா, ஆதார் அட்டைப் படத்தில் இருந்த அதே திகைப்போடு. தோற்றம், மறைவு. கீழே, 'ஆறாத் துயரத்தில்: பவளா.' அதற்கும் கீழே அவளே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். காற்றடித்தது. பேனர் ஆடியது. பச்சை விளக்கு எரிந்தது.

இளம்பரிதியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏம்மா, உசுரோட இருக்கறவங்க இப்படிப் போடலாமா? ஒரு பிறந்தநாள் வாழ்த்துன்னு போட்டிருக்கலாமே?"

"பொறந்தநாளுன்னா வாட்ச்மேன் சாயங்காலமே கிழிச்சிடுவான் சார். செத்தவங்களத்தான் யாரும் தொட மாட்டாங்க." ஒரு பூண்டுப் பல்லை நகத்தால் கீறித் தோலை உருவினாள். "இந்தக் கட்டடத்துல நிம்மதியா கீறது அவுங்க மட்டும்தான்."

ஒரே வாரத்தில் மாடி முழுக்க அஞ்சலி. மேல் மாடி, கீழ் மாடி என்று பரவியது. கேட்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த குப்புராஜ் இரண்டாவது இயந்திரம் இறக்கினான். ஆய்வுக்கு வந்த வாரியத்து இணை இயக்குநர் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தொங்கிய சிரித்த முகங்களைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி நின்றார். அப்புறம் மெதுவாக, "என்ன விபத்தும்மா?" என்று நஸ்ரினைக் கேட்டார்.

"எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க சார்."

அந்த மாத அறிக்கையில் அலைநகரில் ஆளற்ற வீடுகள் அடியோடு இல்லை என்று வந்தது. கடும் கோடையிலும் குடியிருப்போர் வீட்டு வாசலை விட்டு நகராமல் இருப்பதை வாரியம் பாராட்டியது. இளம்பரிதிக்குச் சந்தன மாலை போட்டார்கள். மாலையோடு கேன்டீனுக்கு வந்தவன், அதை ஒரு நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டு, பின்னால் முகத்தை வைத்து, "ஆறாத் துயரத்தில், நான்" என்று சொல்லிக்காட்டினான். நடித்ததிலேயே அதுதான் உச்சம். சிரிப்பு அடங்கவே இல்லை.

"அறிவு வேண்டாமாடா மனுசனுக்கு?" என்றான் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "ஒரு வீட்டுக்காக எவனாவது தனக்குத்தானே இரங்கல் தெரிவிப்பானா?"

குவாரிக் குடும்பம் பட்டியலில் பழைய இடத்திலேயே இருந்தது. அதைப் பற்றி யாரும் நடித்துக்காட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை மின்சாரம் போய்விட்டது. ஏ.சி. இல்லாத அறையில் உட்கார முடியாமல் இளம்பரிதி மடிக்கணினியோடு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் நஸ்ரின். கையில் பசை டப்பா.

"டேய், கொஞ்சம் நகரு."

"எதுக்கு?"

"நோட்டீஸ் ஒட்டணும்."

அவன் மடிக்கணினியை நகர்த்தினான். அவள் ஒட்டி முடித்து, மூலைகளை நீவிவிட்டாள். அப்புறம்தான் அவன் அதைப் படித்தான்.

"விளையாடாத. நான் தினமும் இங்கதானே இருக்கேன்? போன மாசம் வரைக்கும் பச்சை எரிஞ்சுதே?"

"எரிஞ்சுது. தினமும் காலையில குளிச்சிட்டுத் தலையில ஈரத்துண்டோட வந்து கைப்பிடிச்சுவர்ல உலர்த்துவ. அந்த ஒரு நேரம்தான் பெட்டி உன்னைப் பாத்திருக்கு. மத்தபடி நீ ஆபீஸ்ல." அவள் பசை விரலைத் துடைத்துக்கொண்டாள். "இந்த மாடியிலேயே ஈரத்துண்டு முதல்ல போட்டவன் நீதான். அப்புறம் நீயே ஒரு அப்டேட் அனுப்பினல்ல, குளிர்ந்தது எதுவும் மனுசன் கிடையாதுன்னு. உன் பெட்டிக்கு அது வந்து சேரத்தான் கொஞ்சம் லேட்."

"சரி, நீ போய் சொல்லு. நான் இருக்கேன்னு நீ பாக்குறல்ல?"

"மனிதச் சாட்சி செல்லாது."

"நஸ்ரின்..."

"நான் நினைச்சாக்கூட மாத்த முடியாதுடா."

அந்த ஒரு வாரத்தில் இளம்பரிதி செய்தவற்றை முழுதாகச் சொல்வது நாகரிகமில்லை. அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு உச்சி வெயிலில் வராந்தாவில் முன்னும் பின்னும் ஓடினான். பெட்டி கவனிக்கவில்லை. தோப்புக்கரணம் போட்டான். சுவரைவிடச் சூடாக வேண்டும் என்று கணக்குப்போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி வெளியே கொண்டுவரப் பார்த்தான். வாசல்வரை வயர் எட்டவில்லை. "கையத் தூக்கு சார், கையத் தூக்குனா பாக்கும்" என்று பக்கத்து வீடுகளிலிருந்து குரல் வந்தது. கையைத் தூக்கவில்லை. அதற்கு மட்டும் மானம் இடம்கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் படியில் காலடிச் சத்தம். அதே புருஷன் பெண்டாட்டி, அதே சாக்கு மூட்டை. இந்த முறை இடுப்பில் குழந்தையும் இருந்தது. கழுத்தில் காய்ந்த கொப்புளங்கள், மேலே வெள்ளையாகப் பவுடர்.

"சார், இங்க..." அந்த ஆளுக்கு வாக்கியத்தை முடிப்பது பழக்கமில்லை. "யாரும் இல்லன்னு..."

"வாங்க" என்றான் இளம்பரிதி. "உக்காருங்க."

மின்சாரம் இருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை உள்ளே நுழைந்ததும் ஒரு நொடி விழித்துப் பார்த்துவிட்டு, அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனது. அந்தப் பெண் குளிர்ந்த சுவரில் கை வைத்து அப்படியே நின்றாள். அலமாரியை அளக்கவில்லை. புருஷன் கிளம்ப எழுந்தபோது, "குழந்தை எழுந்திரிக்கட்டும், அப்புறம் போறோம் சார்" என்றாள். குழந்தை எழுந்திருக்க ரொம்ப நேரமானது.

அவனுக்கு வேறு வீடு கிடைக்கும். பணியாளர் விடுதியில் அறை இருந்தது, கேட்டால் அன்றைக்கே கொடுப்பார்கள். ஆனால் 'உள்ளேன்' திட்டத்தைக் கண்டுபிடித்தவரே இல்லை என்று அறிக்கையில் வந்தால் திட்டம் என்னாவது, மேடையில் கைதட்டியவர்கள் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் அவன் தனக்குத்தானே விளக்கிக்கொண்டான். நல்ல தெளிவான விளக்கம். கேட்டுக்கொண்டிருந்தவனும் அவன்தான் என்பதால் எதிர்க்கேள்வி வரவில்லை.

மறுநாள் குப்புராஜின் கடையில் கூட்டமில்லை.

"வா சார். எந்த வீடு?"

"நானூத்தி இருபது."

குப்புராஜ் நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. இது தொழில் மரியாதை. படத்தை வாங்கித் திரையில் ஏற்றினான். பாராட்டு விழாவில் மாலையோடு எடுத்த படம்.

"மாலையோட கீது. நமக்கு ஒரு வேலை மிச்சம். தோற்றம்?"

இளம்பரிதி பிறந்த தேதியைச் சொன்னான்.

"மறைவு?"

அதை அவன் யோசித்துக்கொண்டு வரவில்லை.

"மத்தவங்க எல்லாம் என்ன போட்டாங்க?"

"நோட்டீஸ் ஒட்டுன தேதிதான் சார். எல்லாரும் அதையே போட்டுடுவாங்க, குழப்பமில்ல."

"அதையே போடுங்க."

"ஆறாத் துயரத்தில்?"

இளம்பரிதி தெருவைப் பார்த்தான். தெரிந்தவர்கள் யாருமில்லை. ரொம்பத் தாழ்ந்த குரலில் தன் பெயரைச் சொன்னான்.

பேனரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, லிஃப்டைத் தவிர்த்து, படியில் ஏறினான். மத்தியான வெயிலில் மாடி அடங்கிக்கிடந்தது. நாலு மூலையையும் கம்பியில் இறுக்கிக் கட்டினான்.

"கீய் மூலைய அவுத்து வுடு சார்" என்றாள் பவளா. முறத்திலிருந்து தலை தூக்கவில்லை. "ஆடணும்."

அவிழ்த்துவிட்டான். மலைப் பக்கமிருந்து அனல் காற்று வந்தது. மாலை போட்ட இளம்பரிதி ஒருமுறை உப்பி, படபடவென்று அடித்துக்கொண்டான். பெட்டியின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது.

கீழே நின்றிருந்தவன் இரண்டு பக்கமும் பார்த்தான். பவளா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வேறு யாருமில்லை. வலது கையைத் தோள் உயரத்துக்கு மட்டும் தூக்கி, உதடு பிரியாமல் சொன்னான்.

"உள்ளேன் ஐயா."